வாக்குக் கேட்ட நீதிபதியின் தாள்கள்: புளோரன்ஸ் ஆலன்

சட்டம் பயிலும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படி வந்த ஒரு நீதிபதியின் தீர்ப்புகள் அச்சுத் தொகுப்புகளில் கிடைக்கும்போது, அவருடைய கடிதங்களையும் துண்டறிக்கைகளையும் பெட்டி பெட்டியாகக் காப்பகத்தில் பாதுகாப்பதால் என்ன பயன்? அவற்றை எப்படிப் படிக்க வேண்டும்?"

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நியமனம் பெற்ற நீதிபதியைப் பொறுத்தவரை, அவர் பதவிக்கு வந்த பிறகு எழுதிய தீர்ப்புகளைக் கொண்டே அவரைப் பெருமளவு அறிந்துகொள்ளலாம். தேர்தலில் வென்று வந்தவரை அவ்வாறு அறிய முடியாது. தீர்ப்புத் தொகுப்பில் இருப்பது நீதிபதியின் குரல். அந்த இருக்கையில் அமர்வதற்காக ஊர் ஊராகச் சென்று பேசியவர், கையெழுத்துத் திரட்டியவர், தோற்றபோது அடுத்த தேர்தலுக்குக் கணக்குப் போட்டவர் யார் என்பது சொந்தத் தாள்களில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்தால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார். பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, நான் பல ஆண்டுகளாக ஈடுபாட்டோடு தொடர்ந்து படித்துவரும் ஒருவரின் வாழ்வைக் கொண்டு இதை விளக்குகிறேன். அவர் ஓஹையோ மாநிலத்தின் புளோரன்ஸ் எலின்வுட் ஆலன். 1922-ல் மக்கள் வாக்கினால் மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர். அமெரிக்காவில் எந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்திலும் அவருக்கு முன் ஒரு பெண் அமர்ந்ததில்லை.

முதலில் அந்தத் தேர்தல் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுப்பது என்று முதலில் முடிவு செய்த மாநிலம் மிஸ்ஸிஸிப்பி, ஆண்டு 1832. நியூயார்க் 1846-ல் அந்த வழிக்கு வந்தது. ஓஹையோவில் அதுவரை சட்டமன்றமே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்து வந்தது. 1851-ஆம் ஆண்டு அரசமைப்பு அந்த உரிமையை மக்களிடம் கொடுத்தது. ஆளுநரும் சட்டமன்றமும் தங்களுக்கு வேண்டியவர்களை நீதி இருக்கையில் அமர்த்துகிறார்கள் என்ற மனக்கசப்புதான் இதன் வேர். மக்கள் தேர்ந்தெடுத்த நீதிபதி சட்டமன்றத்தின் முகம் பார்க்கத் தேவையில்லை என்று அன்றைய சீர்திருத்தக்காரர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஓஹையோ பின்னர் இன்னொரு திருத்தமும் செய்தது. 1911-ல் வந்த சட்டத்தின்படி, பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டில் நீதிபதி வேட்பாளரின் பெயருக்கு அருகே கட்சிப் பெயர் இருக்காது. கட்சிகள் தங்கள் முன்தேர்தலில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள்ளேயே நடத்தும் தேர்தலில், வேட்பாளரை நிறுத்தலாம். ஆனால் இறுதியாக வாக்களிப்பவர் பெயரை மட்டுமே பார்ப்பார். புளோரன்ஸ் ஆலனின் வாழ்க்கையில் இந்தச் சிறு ஏற்பாடு பெரிய வாசலைத் திறந்துவிட்டது.

அவர் 1884 மார்ச் 23 அன்று யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். தந்தை கிளாரன்ஸ் ஆலன் கிரேக்கமும் லத்தீனும் கற்றவர், சுரங்கத் தொழிலில் இருந்தவர், யூட்டா தனி மாநிலமானபோது அங்கிருந்து நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்குச் சென்ற முதல் உறுப்பினர். தாய் கொரின் டக்கர்மன், ஸ்மித் கல்லூரியின் தொடக்க கால மாணவியரில் ஒருவர். மகளுக்கு முதல் காதல் இசை. கிளீவ்லாந்தில் பட்டம் பெற்றதும் பியானோ பயில பெர்லினுக்குச் சென்றார். கை நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு மேடைக் கலைஞராகும் ஆசையை முடித்து வைத்தது. ஊர் திரும்பி 'பிளெய்ன் டீலர்' நாளிதழில் இசை விமர்சனம் எழுதினார், பள்ளியில் பாடம் நடத்தினார், 1908-ல் அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். சட்டம் படிக்க விரும்பியபோது, அவர் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி பெண்களைச் சேர்க்கவில்லை. ஓராண்டு சிகாகோவில் படித்துவிட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1913-ல் தம் வகுப்பில் இரண்டாமிடத்தில் தேறினார். நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த இளமைப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அவருடைய தாள்களில் குடும்பக் கடிதங்களுக்கு உள்ள இடத்தைப் பார்க்கும் எவரும் அப்படிக் கடக்க மாட்டார்கள்.

வாக்குரிமைப் போராட்டத்துக்கு வருவோம். அவருடைய தேர்தல் வெற்றிகளின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. ஓஹையோவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் திருத்தம் 1912-ல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மாநிலத்தின் 88 மாவட்டங்களுக்கும் சென்று அவர் பேசினார். திருத்தம் தோற்றது. தோற்ற அந்தப் பயணத்தில் ஒவ்வோர் ஊரிலும் யார் கூட்டம் கூட்டித் தந்தார்கள், யார் வீட்டில் இடம் கொடுத்தார்கள், எந்த ஊர்ப் பத்திரிகையாசிரியர் ஆதரவாக எழுதினார் என்ற அறிமுகம் அவரிடம் சேர்ந்தது. பத்தாண்டுக்குப் பிறகு அவர் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, பல மாவட்டங்களில் 'புளோரன்ஸ் ஆலன் மன்றம்' என்ற பெயரில் திரண்ட பெண்கள் இந்தப் பழைய வலைப்பின்னலிலிருந்து வந்தவர்கள். தேர்தல் முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 1922-ன் வெற்றி எங்கிருந்தோ வந்ததுபோலத் தோன்றும். 1912-ன் தாள்களைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

நடுவே ஒரு வழக்கு. 1912-ல் ஓஹையோ அரசமைப்பில் சேர்ந்த திருத்தங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை தந்திருந்தன. அதைப் பயன்படுத்தி, 1916-ல் கிழக்கு கிளீவ்லாந்து நகரம் தன் சாசனத்தில் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் பெண்களுக்கு வாக்குரிமை எழுதிக்கொண்டது. அது செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கில், மாநில உச்ச நீதிமன்றத்தில் நகரத்தின் பக்கம் வாதாடியவர் புளோரன்ஸ் ஆலன். 1917-ல் வென்றார். எந்த நீதிமன்றத்தின் முன் நின்று பெண்களின் வாக்குக்காக வாதாடினாரோ, அதே நீதிமன்றத்தின் இருக்கைக்கு ஐந்தாண்டுகளில் பெண்களின் வாக்கோடு வந்து சேர்ந்தார்.

1919-ல் குயஹோகா மாவட்டத்தின் உதவி அரசு வழக்கறிஞரானார்; அமெரிக்காவிலேயே அந்த வகைப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 2 அன்று தேர்தல். இடையே பத்து வாரங்களும் இல்லை. கட்சிகளின் முன்தேர்தலும் முடிந்துவிட்டிருந்தது. மாவட்டப் பொது வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்கு அவர் நிற்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது: வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்து வாக்குச்சீட்டில் இடம் பெறுவது. வாக்குரிமை இயக்கத்துப் பெண்கள் மனுத்தாள்களோடு தெருவில் இறங்கினார்கள். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தேர்தல் தாளில் வாக்காளர் என்ற தகுதியோடு கையெழுத்திட்ட பெண்கள் எத்தனையோ பேர் அந்தத் தாள்களில் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மனுத்தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கோடிட்ட வரிசையில் பெயர், அடுத்து தெரு, வீட்டு எண், தேதி, சில கையெழுத்துகள் தயங்கித் தயங்கிப் போட்டவை, சில ஒரே வீட்டில் ஒரே பேனாவில் அடுத்தடுத்துப் போட்டவை. எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் ஒரு நீதிபதியை உருவாக்கின என்பதை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் சான்று வேறில்லை. கட்சிச் சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு அவருக்குக் கைகொடுத்தது. எந்தக் கட்சியின் தயவும் இல்லாமல் அவர் வென்றார்.

புதிய நீதிபதியை விவாகரத்து வழக்குகளுக்கென்று ஒதுக்கிவிடலாம் என்று உடன் நீதிபதிகள் நினைத்தார்கள். மணமாகாத தன்னைவிட, மணமான அவர்களுக்கே அதில் அனுபவம் அதிகம் என்று பதில் சொல்லி மறுத்துவிட்டார். ஆகவே குற்ற வழக்குகளும் அவர் முன் வந்தன. அவற்றுள் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். 1920-ன் கடைசி நாளில், தொழிற்சாலைச் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்த கும்பல் கிளீவ்லாந்தில் இரண்டு தொழிலதிபர்களைச் சுட்டுக் கொன்றது. அந்த வழக்கில் பிராங்க் மோட்டோ என்பவருக்கு 1921-ல் மரண தண்டனை விதித்தவர் புளோரன்ஸ் ஆலன். பெண் நீதிபதி ஒருவர் தூக்கமின்றித் தவித்து, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தண்டனை விதித்தார் என்ற வகையில் இதைக் கதையாக்குவது எளிது. சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள்: ஓஹையோவில் முதல்தரக் கொலைக் குற்றம் நிரூபணமாகி, ஜூரி கருணை காட்டும்படி பரிந்துரைக்காவிட்டால், நீதிபதி மரண தண்டனை விதித்தே ஆக வேண்டும். அவருக்குத் தெரிவு இருக்கவில்லை. இந்த வழக்கின்போது மிரட்டல் கடிதங்களும் அவருக்கு வந்தன. செய்தித்தாள், சட்டநூல், மிரட்டல் கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த நாளின் உண்மையான எடை தெரிகிறது.

மற்றொன்று, கிளீவ்லாந்து நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் மெக்கானனின் வழக்கு. ஒரு கொலை வழக்கில் விடுதலையான அவர், பிறகு பொய்ச் சாட்சியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். விசாரித்தவர் புளோரன்ஸ் ஆலன். நகரத்தின் நீதி அமைப்பே அழுகிவிட்டதோ என்ற கவலை அப்போது பரவியது. சட்ட அறிஞர்களான ராஸ்கோ பவுண்டும் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டரும் நடத்திய புகழ்பெற்ற கிளீவ்லாந்து குற்றவியல் நீதி ஆய்வு இந்தச் சூழலில் பிறந்ததுதான். தேர்தலால் வந்த ஒரு நீதிபதி, தேர்தலால் வந்த இன்னொரு நீதிபதியைச் சிறைக்கு அனுப்பினார். மக்கள் தேர்ந்தெடுத்தால் நீதிமன்றம் தூய்மையாகும் என்று நம்பியவர்களும், தேர்தலே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று வாதிட்டவர்களும் இந்த நிகழ்வை ஒருசேர நினைவில் வைக்க வேண்டும்.

1922-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வென்றார். பதவிக்காலம் ஆறு ஆண்டு. 1928-ல் மீண்டும் நின்று, முன்னிலும் பெரிய வித்தியாசத்தில் வென்றார். தீர்ப்புத் தொகுப்பை மட்டும் வைத்து அவரை மதிப்பிட வேண்டுமானால் 1925-ன் பிரிட்ஸ் எதிர் மெஸ்ஸர் வழக்கைச் சொல்வேன். குடியிருப்புக்கு இது, வணிகத்துக்கு அது என்று நகர நிலத்தை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் சின்சினாட்டி நகரின் சட்டம் செல்லும் என்று அந்தத் தீர்ப்பை எழுதினார். மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓஹையோவின் யூக்ளிட் கிராமத்திலிருந்து வந்த வழக்கில் நாடு முழுவதற்கும் அதே முடிவைச் சொன்னபோது, இந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. இன்னொரு நுட்பமும் உண்டு. அன்றைய ஓஹையோ அரசமைப்பின்படி, சட்டமன்றச் சட்டம் ஒன்றை மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க வேண்டுமானால் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் பொதுவாக ஒத்துப்போக வேண்டும். 1912 முதல் 1968 வரை இந்த விதி இருந்தது. ஆகவே அந்தக் காலத்து ஓஹையோ தீர்ப்புகளில் வாக்குக் கணக்கைப் பார்க்காமல் முடிவை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்: ஐந்து பேர் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று கருதியும் அந்தச் சட்டம் நிலைத்திருக்கக்கூடும்.

வெற்றிகளைப் போலவே தோல்விகளையும் படிக்க வேண்டும். 1926-ல் செனட் உறுப்பினர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலில் நின்று அட்லி பொமரீனிடம் தோற்றார். 1932-ல் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு செஸ்டர் போல்ட்டனிடம் தோற்றார். இரண்டு முறையும் அவர் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். இது சரியா என்று கேட்கலாம், நான் கேட்கிறேன். நீதி இருக்கையில் இருந்துகொண்டு கட்சி அரசியலில் வாக்குக் கேட்பது, கட்சிச் சின்னமில்லாத வாக்குச்சீட்டால் வந்த ஒருவருக்கு ஒவ்வாத செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரை நான் மிக மதிக்கிறேன். அதனாலேயே இந்தப் பகுதியை மறைக்க விரும்பவில்லை. போரைச் சட்டத்துக்குப் புறம்பானதாக அறிவிக்க வேண்டும் என்ற இயக்கத்தில் அவர் முழு மனத்தோடு ஈடுபட்டிருந்தார். வாஷிங்டனுக்குச் செல்ல விரும்பியதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்பதை அவருடைய உரைகளைப் படிப்பவர் உணர்வார். தீர்ப்புத் தொகுப்பில் இந்த ஏக்கத்துக்கு இடமே இல்லை.

1934 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை ஆறாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். ஓஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னஸி ஆகிய மாநிலங்கள் அந்த வட்டத்தில் அடங்கும். அந்த நிலை நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்ணும் அவரே. இனி வாழ்நாள் பதவி. வாக்குக் கேட்கும் வேலை முடிந்தது. கூட்டாட்சி அரசின் அமைப்பான டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின் திட்டத்தை எதிர்த்து 18 மின் நிறுவனங்கள் தொடர்ந்த வழக்கு, அவர் தலைமையிலான மூவர் அமர்வின் முன் வந்தது. 1938 ஜனவரியில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்த நிறுவனங்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்ற வேறொரு காரணத்தைச் சொல்லி முடிவை உறுதி செய்தது. நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் உருவானபோது முன்மாதிரியாகக் கொண்டது இந்த ஆணையத்தைத்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் பலமுறை அடிபட்டது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் காலத்தில் ஜனநாயகக் கட்சியின் மகளிர் பிரிவுத் தலைவராக இருந்த இந்தியா எட்வர்ட்ஸ் அவருக்காக வாதாடினார். ட்ரூமன் தலைமை நீதிபதி வின்சனைக் கலந்தார். கலந்தாய்வு அறைக்குள் ஒரு பெண் இருப்பதை உடன் நீதிபதிகள் விரும்பவில்லை என்ற பதில் வந்தது, பேச்சு அதோடு நின்றது. இதை நாம் அறிவது எட்வர்ட்ஸ் பின்னர் சொல்லி வைத்த நினைவுகளின் வழியாக. ஒருவருடைய வாழ்வின் திருப்புமுனைக்கான சான்று அவருடைய பெட்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அடுத்தவர் பெட்டியில்தான் இருக்கும். 1958 முதல் 1959 வரை தம் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு நிலைக்கு வந்தார். 1965-ல் தன்வரலாறு வெளியாயிற்று. 1966 செப்டம்பர் 12 அன்று ஓஹையோவின் வெய்ட் ஹில்லில் காலமானார். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் வர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த சாண்ட்ரா டே ஓகானரும் 1974-ல் அரிசோனாவில் மக்கள் வாக்கினால் மாவட்ட நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான்.

இப்போது தாள்கள் எங்கே என்ற கேள்வி. புளோரன்ஸ் ஆலனின் தாள்கள் ஒரே இடத்தில் இல்லை. கிளீவ்லாந்தில் வெஸ்டர்ன் ரிசர்வ் வரலாற்றுக் கழகத்தில் ஒரு பெரும் தொகுதி இருக்கிறது. வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் மற்றொன்று. மாசசூசெட்ஸில் ராட்கிளிப் நிறுவனத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்திலும் அவருடைய தாள்கள் உள்ளன. இந்தப் பிரிவினை தற்செயலானதன்று. ஷ்லெசிங்கர் நூலகத்தின் விதை, வாக்குரிமை இயக்கத் தலைவர் மாட் வுட் பார்க் 1943-ல் கொடுத்த தொகுப்பு. இளம் வயதில் நியூயார்க்கில் புளோரன்ஸ் ஆலன் பணி செய்தது அந்த மாட் வுட் பார்க்கோடுதான். ஊர்க்காரராக அவர் கிளீவ்லாந்தில் இருக்கிறார், நாட்டின் நீதிபதியாக வாஷிங்டனில், இயக்கத்துப் பெண்ணாக ராட்கிளிப்பில். ஓர் ஆய்வாளர் இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால், அந்த மூன்றில் ஒருவரை மட்டுமே எழுதுவார்.

வழக்குக் கட்டுகள் வேறு, சொந்தத் தாள்கள் வேறு என்பதையும் மனத்தில் இருத்துங்கள். மனுக்கள், சாட்சியப் பதிவு, ஆணைகள் எல்லாம் நீதிமன்றத்தின் உடைமை. அவை மாநில ஆவணக் காப்பகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ செல்லும். நீதிபதி தாமே எழுதிய குறிப்பு, தீர்ப்பின் வரைவு, உடன் நீதிபதிக்கு எழுதிய கடிதம் ஆகியவை அமெரிக்க வழக்கப்படி அவருடைய சொந்தச் சொத்து. குடியரசுத் தலைவரின் தாள்களை நாட்டின் உடைமையாக்கி 1978-ல் சட்டம் வந்தது. நீதிபதிகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. விளைவு என்னவென்றால், எதை வைப்பது, எதை எரிப்பது, எப்போது திறப்பது என்பதை நீதிபதியோ வாரிசோ முடிவு செய்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக் 1971-ல் தம் கலந்தாய்வுக் குறிப்புகளை எரிக்கச் செய்தார். அதே நீதிமன்றத்தின் நீதிபதி தர்குட் மார்ஷலின் தாள்கள் அவர் இறந்த 1993-ஆம் ஆண்டே திறக்கப்பட்டு, உடன் பணியாற்றியவர்களின் சினத்துக்கு ஆளாயின. அங்கே நீதிபதியாக இருந்த டேவிட் சூட்டர், தம் மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் மூடி வைக்கச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு தொகுதியைத் திறக்கும்போது, இதில் என்ன இருக்கிறது என்பதோடு, இதைக் கையளித்தவர் யார், எந்த நிபந்தனையோடு என்றும் கேட்க வேண்டும். காப்பகம் தரும் விவரப் பட்டியலின் முதல் பக்கத்தில் அது எழுதியிருக்கும். பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பெட்டி எண்ணுக்குத் தாவிவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் வலியுறுத்துகிறேன். தாள்கள் வந்த வரிசை கலையக் கூடாது. பழைய வழக்கறிஞர் குடும்பம் ஒன்றின் தாள்களைப் பிரித்து அடுக்க நான் உதவியிருக்கிறேன். துருப்பிடித்த குண்டூசியால் குத்திய ஒரு கட்டில், சொத்து வழக்கின் வாதக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு தேர்தல் துண்டறிக்கையும் அதன் பின்புறம் பென்சிலால் கூட்டிய அச்சகக் கணக்கும் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் நல்ல எண்ணத்தோடு வழக்கை வழக்கோடும் தேர்தலைத் தேர்தலோடும் பிரித்து வைத்துவிட்டார். அந்த வழக்கின் கட்சிக்காரரும் அந்தத் தேர்தலில் செலவு செய்தவரும் ஒருவரே என்பது, இரண்டும் ஒரே ஊசியில் இருந்தபோது தானாகத் தெரிந்த செய்தி. பிரித்த பிறகு அதை நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று. தேர்தலால் வந்த நீதிபதியின் தாள்களில் இந்த எச்சரிக்கை பத்து மடங்கு பொருந்தும். அச்சகக் கூலி, கூட்டத்துக்கு அரங்கு கொடுத்தவருக்கு எழுதிய நன்றிக் கடிதம், ஆதரவு கேட்டு அனுப்பிய முகவரிப் பட்டியல் ஆகியவற்றைக் குப்பை என்று கழிக்கும் காப்பாளர், அந்த நீதிபதியின் வரலாற்றில் பாதியைக் கழித்துவிடுகிறார். 2009-ல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த கேபர்ட்டன் வழக்கை நினைத்துப் பாருங்கள்: நீதிபதி ஒருவரின் தேர்தலுக்காக சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்ட நிறுவனத் தலைவரின் நிறுவனம் தரப்பாக வந்த வழக்கில், அந்த நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தாள் அங்கே சட்டக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

படிக்கும் முறையைக் கேட்டிருந்தீர்கள். தன்வரலாற்றைக் கடைசியில் படியுங்கள். எண்பது வயதை ஒட்டி எழுதிய நூலில் எல்லாத் தெருக்களும் நேராக இருக்கும். முப்பது வயதில் தாய்க்கு எழுதிய கடிதத்தில் எங்கே திரும்புவது என்ற தவிப்பு இருக்கும். பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டி வைத்த ஏட்டைப் பார்க்கும்போது, ஒட்டியவரின் கையையும் கவனியுங்கள்: எதை வெட்டி எடுத்தார், பாராட்டை மட்டுமா, ஏச்சையும் சேர்த்தா? சூசன் ரெபனும் பிறகு மேரி பியர்ஸும் அவருடைய இல்லத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள்; வீட்டுக் கடிதங்களில் அவர்கள் வரும் இடங்களை மரியாதையோடு, ஊகம் கலக்காமல் படியுங்கள். உரைகளைப் பொறுத்தவரை, ஒரே உரையை அவர் எத்தனை ஊரில் எப்படி மாற்றிப் பேசினார் என்று ஒப்பிடுங்கள். நகரத்து மகளிர் மன்றத்தில் சொன்னதை உழவர் கூட்டத்தில் எப்படிச் சொன்னார் என்பதில், பிற்காலத்துத் தீர்ப்பு நடையின் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் இருக்கிறது. சட்டம் தெரியாத கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் பேசிப் பழகியவர் எழுதிய வாக்கியங்கள் அவை.

எங்கே தொடங்குவது என்றால், 1920-ன் அந்தப் பத்து வாரங்களிலிருந்து தொடங்குங்கள். ஆகஸ்ட் 26 முதல் நவம்பர் 2 வரை நாள்வாரியாக ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு, கடிதம், செய்தித் துணுக்கு, துண்டறிக்கை என்று கிடைப்பதையெல்லாம் அந்தந்த நாளின் எதிரே எழுதுங்கள். அது நிறைந்த பிறகு, பிரிட்ஸ் எதிர் மெஸ்ஸர் தீர்ப்பை எடுத்து, நகரத்தைப் பற்றி அவர் பேசும் பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். அந்தத் தெருக்களில் மனுவில் கையெழுத்திட்டவர்களின் வீட்டு எண்கள் அப்போது உங்கள் கையருகே இருக்கும்.